பினாங்குக்குப் போன கப்பலில் எந்தச் சாதிக் கொடி பறந்தது?

அக்டோபர் 27 என்றால் என் அப்பா காலையிலேயே சைக்கிளை வீட்டுக்குள் தூக்கி வைத்துவிடுவார். "இன்னைக்கு ரோட்டுப் பக்கம் தலைகாட்டாதே" என்பார். கோட்டையூரில் எங்கள் காலனியிலிருந்து பெரிய சாலை கூப்பிடு தூரம்தான். அன்று காளையார்கோவிலில் மருது சகோதரர்களின் குருபூசை. புதுக்கோட்டைப் பக்கமிருந்து வண்டிகள் வரும். வண்டிக் கூரையில் ஏறி நின்று கொடி ஆட்டுவார்கள். ஒலிபெருக்கியில் ஆண்ட பரம்பரைப் பாட்டு ஓடும். எங்கள் தெருமுனை வரும்போது மட்டும் ஆரன் சத்தம் கூடும். மாவட்டத்தில் தடை உத்தரவு இருக்கும், சாலையில் போலீசு நிற்கும். எங்கள் வீடுகளில் பயமும் இருக்கும்.

அந்த வயதில் மருது பாண்டியர் என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். வெள்ளையனை எதிர்த்துத் தூக்கில் தொங்கிய இருவரின் பெயர், எங்கள் தெருவில் சைக்கிளை உள்ளே வைக்கச் சொல்லும் பெயராக இருந்தது. பள்ளியில் அவர்களைப் பற்றி ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதுவேன். சாயங்காலம் அவர்கள் பெயரைக் கத்திக்கொண்டு போகும் வண்டிக்கு ஒதுங்கி நிற்பேன். இரண்டும் ஒரே ஆட்களைப் பற்றியதுதானா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

தோன்றியது கடல் கடந்த பிறகு.

பத்தாண்டுகளுக்கு முன்பு பினாங்கில் ஓர் உணவகத்தில் இரண்டு ஆண்டு பரோட்டா போட்டேன். முதலாளி தமிழர். வேலைக்குச் சேர்ந்த அன்று பாஸ்போர்ட்டை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அடுத்து "கோட்டையூரா? நீங்க எந்த ஆளுங்க?" என்று கேட்டார். சொன்னேன். மறுநாளிலிருந்து சமையல்கட்டில் எனக்கென்று ஒரு தம்ளர் தனியாக வந்துவிட்டது. ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர் கடல், விமானத்தில் நான்கு மணி நேரம். ஆனாலும் எங்கள் ஊர்த் தேநீர்க் கடை எனக்கு முன்பே அங்கே வந்து காத்திருந்தது.

விடுமுறை நாளில் போக இடமில்லாமல் கடற்கரையில் கார்ன்வாலிஸ் கோட்டையைச் சுற்றி நடப்பேன். கடலைப் பார்த்து நிற்கும் பழைய பீரங்கிகள், தாழ்ந்த செங்கல் சுவர், படமெடுக்கும் சுற்றுலாப் பயணிகள். எங்கள் ஊருக்குப் பெயரில்தான் கோட்டை. நான் கையால் தொட்ட முதல் கோட்டை அதுதான். அந்தக் கரையில் 200 ஆண்டுகளுக்கு முன்பு என் மாவட்டத்துக்காரர்கள் கைதிகளாக இறக்கப்பட்டார்கள் என்பது அன்று எனக்குத் தெரியாது. ஊர் திரும்பிய பிறகுதான் படித்தேன். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. வெள்ளையன் மேல் வந்த கோபத்தைவிட, இதை எங்களிடமிருந்து மறைத்துவிட்டு வெறும் கொடியை மட்டும் காட்டியவர்கள் மேல் வந்த கோபம் பெரியது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1801 ஜூன் 16 அன்று சின்ன மருதுவின் பெயரில் ஓர் அறிவிப்பு திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்டது. ஜம்புத்தீவுப் பிரகடனம் என்று நாம் படிப்பது அதைத்தான். ஆங்கிலேயரை விரட்ட எல்லோரும் ஒன்றுசேர வேண்டும் என்ற அழைப்பு அது. கம்பெனிக்கு அதற்கு இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று படை. இன்னொன்று பிறப்பு.

மருது சகோதரர்கள் அரச குடும்பத்தில் பிறந்தவர்கள் அல்லர். சிவகங்கை அரண்மனையில் பணியாளர்களாகத் தொடங்கி, வேலு நாச்சியாரின் போரில் மேலே வந்தவர்கள். கம்பெனி இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. வேலைக்காரர்களாக இருந்தவர்களுக்கு ஆளும் உரிமை கிடையாது என்று அறிவித்தது. பரம்பரை உரிமை பேசிய படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைக் கொண்டுவந்து சிவகங்கையின் வாரிசு என்று முடிசூட்டியது. புதுக்கோட்டைத் தொண்டைமான் கம்பெனிக்குத் துணை நின்றார். தெற்கே பாஞ்சாலங்குறிச்சியை வீழ்த்த எட்டயபுரம் துணை நின்றது. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் இரு சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டார்கள். காரைக்குடியிலிருந்து பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், அவ்வளவு பக்கம்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். "ஆண்ட பரம்பரை" என்ற வாதம் 1801இல் எந்தப் பக்கம் இருந்தது? கம்பெனியின் பக்கம் இருந்தது. பரம்பரை இல்லாதவர்கள் என்று சொல்லித்தான் மருதுவைக் கவிழ்த்தார்கள். எந்தச் சொல்லால் அவர்களின் உரிமையைப் பறித்தார்களோ, அதே சொல்லை ஒலிபெருக்கியில் போட்டு அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். இன்று ஒரே கொடியின் கீழ் ஒரே இரத்தம் என்று முழங்குகிறவர்கள், அன்று அதே "இரத்தம்" யாருக்குப் படை அனுப்பியது என்று சொல்ல வேண்டும்.

தூக்கோடு கதை முடியவில்லை. பிடிபட்டவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றி, அப்போது வேல்சு இளவரசர் தீவு என்று கம்பெனி பெயரிட்டிருந்த பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அதில் இருந்தான். பதினைந்து வயதை ஒட்டிய சிறுவன். சிவகங்கை அரசராக இருந்த வேங்கன் பெரிய உடையத் தேவரும் இருந்தார். அவர் அங்கிருந்து சுமத்ராவின் பென்கூலனுக்குக் கொண்டுபோகப்பட்டு, ஊர் திரும்பாமலே இறந்தார்.

தூத்துக்குடியில் இவர்களைக் காவலில் வைத்திருந்த அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். 1830இல் அவர் தன் படைத்துறை நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். போருக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று அதில் எழுதியிருக்கிறார். கற்றுக்கொடுத்தவரைத் தூக்கில் போட்ட படையில் அவர் இருந்தார். அவருடைய மகனுக்குக் காவலும் இருந்தார். 1818இல் பினாங்கு போனபோது ஒரு நலிந்த மனிதர் தன்னைப் பார்க்க வந்ததாகவும், கிழவர் என்று நினைத்த அவர்தான் துரைசாமி என்று தெரிந்ததும் துடித்துப்போனதாகவும் வெல்ஷ் எழுதுகிறார். கணக்குப் போட்டால் துரைசாமிக்கு அப்போது முப்பது வயது சொச்சம்தான்.

பினாங்கு என்ற நகரமே கோட்டையும் சிறையுமாகத் தொடங்கிய நகரம். 1786இல் பிரான்சிஸ் லைட் அங்கே இறங்கிக் கடற்கரையில் மரத்தால் ஒரு கொத்தளம் எழுப்பினார். பிறகு அதைச் செங்கல்லால் கட்டினார்கள். கட்டிய கைகளில் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் கைகளும் உண்டு. காடு வெட்டியது, சாலை போட்டது, செங்கல் சுட்டது எல்லாம் கைதிகளின் வேலை. சிங்கப்பூருக்கு 1825இல் பென்கூலனிலிருந்து முதல் கைதிகள் வந்து இறங்கினார்கள். அங்கே நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவும் இந்தியக் கைதிகளின் உழைப்பு. 1873 வரை இந்த ஏற்பாடு நீடித்தது. பினாங்கில் இன்றும் ஒரு சாலைக்குப் பெயர் ஜாலான் பெஞ்ஜாரா, அதாவது சிறைச் சாலை.

அந்தச் சிறைகளில் கம்பெனி ஒரு தந்திரத்தைக் கையாண்டது. சில ஆண்டுகள் ஒழுங்காக இருந்த கைதியை மேல் வகுப்புக்கு உயர்த்தி, மற்றக் கைதிகளுக்குக் காவலனாக்கியது. வெள்ளைக் காவலர் பெரிய அளவில் தேவைப்படவில்லை. ஒவ்வொருவனுக்கும் தனக்குக் கீழே ஒருவனைக் கொடுத்துவிட்டால், மேலே இருப்பவனை அவன் நிமிர்ந்து பார்க்க மாட்டான். இதைப் படித்தபோது எனக்கு அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மைதான் நினைவுக்கு வந்தது. சாதி என்பதும் கைதிகளே கைதிகளைக் காக்கும் சிறைதான். இந்தச் சிறையில் மேல் வகுப்புக் கைதி தன் கைவிலங்கை வீர வளையல் என்று நினைத்துக்கொண்டு வண்டிக் கூரையில் ஏறி நிற்கிறான்.

நாடு கடத்தலை ஏன் அவ்வளவு பெரிய தண்டனையாகக் கம்பெனி கருதியது? தூரம் ஒரு காரணம். இன்னொரு காரணம் சாதி. கடற்பயணத்தைச் சாதி இழக்கச் செய்யும் பாவங்களுள் ஒன்றாகப் பௌதாயன தர்மசூத்திரம் வைக்கிறது. கறுப்புத் தண்ணீரைக் கடந்தவன் சாதி கெட்டவன். கப்பலில் யார் சமைத்தது, யார் பக்கத்தில் சங்கிலியில் கிடந்தது என்று எந்தத் தீட்டுக் கணக்கும் அங்கே நிற்காது. இந்துக்கள் சாவைவிட இதற்கு அதிகம் அஞ்சுவார்கள் என்று கணக்கிட்டுத்தான் கம்பெனி இந்தத் தண்டனையை விரும்பிக் கொடுத்தது. பார்ப்பனியம் செய்து வைத்த சவுக்கை வெள்ளையன் எடுத்துச் சுழற்றினான்.

ஆகவே கொடி பிடிக்கும் தம்பிமார்களிடம் ஒரு கேள்வி. உங்கள் சாத்திரம் உண்மை என்றால், 1802இல் தூத்துக்குடியில் நங்கூரம் தூக்கிய அந்த நாளிலேயே துரைசாமியும் உடன் போனவர்களும் சாதி இழந்துவிட்டார்கள். சாதி இல்லாதவர்களுக்கு எதற்குச் சாதிக் கொடி? சாத்திரம் பொய் என்றால், சாதியும் பொய். அப்போதும் எதற்குச் சாதிக் கொடி? எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தக் கம்பு நிற்பதற்கு ஒரு பிடி மண்கூட இல்லை.

சாத்திரம் எவ்வளவு வளையும் என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில், அதே கடலைத் தாண்டி, செட்டிநாட்டு வணிகர்கள் பினாங்குக்குப் போனார்கள். வட்டிக்கடை வைத்தார்கள், தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள், 1894இல் வெள்ளி ரதத்தை இங்கிருந்து கப்பலில் கொண்டுபோனார்கள். இன்றும் தைப்பூசத்துக்கு அந்த ரதம் பினாங்குத் தெருக்களில் ஓடுகிறது, நானே கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கடல் தாண்டியதால் சாதி கெடவில்லை. பர்மாத் தேக்கு தூண்களாக ஊருக்கு வந்தது, பணம் வீடுகளாக எழுந்தது. கைதிக்குக் கறுப்பாக இருந்த தண்ணீர் வணிகருக்கு வெள்ளியாக இருந்தது. காசு இருக்கும் இடத்தில் தீட்டுக்குக் கண் தெரியாது.

அந்தப் பணத்தால் நடந்த நல்லதை நான் மறைக்கவில்லை. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் கல்லூரிகள் எழுப்பினார். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி காரைக்குடியில் படித்துத்தான் வந்தார். அதே ஊரில் ரோஜா முத்தையா ஒரு வாழ்நாள் முழுக்கப் பழைய புத்தகங்களையும் நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக இருப்பது அந்தச் சேகரிப்புதான். தாளைப் பாதுகாத்த ஊர் எங்கள் ஊர். ஆனால் அந்த வீடுகளுக்கு மண் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், கழிவு அள்ளியவர்களின் பெயர் எந்தத் தாளிலும் ஏறவில்லை. வரலாறு என்பது யாருடைய தாள் தப்பிப் பிழைத்தது என்பதுதான்.

நாடு கடத்தப்பட்டவர்களின் பட்டியல் தப்பிப் பிழைத்திருக்கிறது. அதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். தேவர் உண்டு, நாயக்கர் உண்டு. இராமநாதபுரத்து ஐயன் ஒருவர் உண்டு, பிள்ளை உண்டு. ஷேக் உசேன் என்ற இசுலாமியர் உண்டு. ஊர்ப் பெயர் மட்டும் ஒட்டிய, எந்தப் பட்டமும் இல்லாத பெயர்கள் பல உண்டு: சாமி, மாடசாமி, பெருமாள். அவர்கள் யார், எந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள் என்று கேட்டு ஒரு குருபூசையும் நடக்கவில்லை. கொடியில் அச்சடிக்க அவர்களுக்குப் பட்டம் இல்லை.

அந்தப் பட்டியலில் நாங்குநேரிக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். நாங்குநேரி என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது? 2023 ஆகஸ்டில் ஒரு பட்டியல் சாதி மாணவனை உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதுதான் நினைவுக்கு வருகிறது. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில், பள்ளிப் பிள்ளைகளின் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லிப் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. பினாங்குக்குப் போனவர்களின் கையில் இரும்பு இருந்தது. அந்த இரும்பின் வாரிசு என்று சொல்லிக்கொண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கையில் கயிறு கட்டுகிறார்கள்.

இரண்டு எதிர்க்கேள்விகள் வரும் என்று தெரியும்.

முதல் கேள்வி: "பாடப் புத்தகத்தில் இடம் கொடுக்காத எங்கள் தலைவர்களை நாங்கள் கொண்டாடக் கூடாதா?" கொண்டாடுங்கள். ஆனால் கொண்டாட்டத்துக்கும் எங்கள் தெருமுனை ஆரனுக்கும் என்ன சம்பந்தம்? இதே பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930-31இல் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்குப் பட்டியல் போட்டுத் தடை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை போடாதே, சட்டை போடாதே, குடை பிடிக்காதே, செருப்பு அணியாதே, மண் பாத்திரம் தவிர வேறு வைத்துக்கொள்ளாதே, பெண்கள் மார்பை மறைக்காதே என்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். 1979இல் உஞ்சனையில் ஐந்து பேரைக் கொன்றார்கள். 2018இல் கச்சநத்தத்தில் மூன்று பேரைக் கொன்றார்கள். இவற்றைச் செய்தவர்கள் யாரும் மருதுவின் வாரிசுகள் அல்லர் என்று அக்டோபர் மேடையில் ஒருவர், ஒரே ஒருவர், ஒலிவாங்கியைப் பிடித்துச் சொல்லட்டும். மறு ஆண்டு நானே காளையார்கோவிலுக்கு மாலையோடு வருகிறேன்.

இரண்டாவது கேள்வி: "உங்கள் ஆட்களும் செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கூடுகிறார்களே?" கூடுகிறோம். தீண்டாமையை எதிர்த்ததற்காகக் கொல்லப்பட்ட இமானுவேல் சேகரனுக்காகக் கூடுகிறோம். 2011இல் அங்கே போலீசு சுட்டு எங்கள் பிணங்கள் விழுந்தன. அடித்தவனின் பெருமிதக் கூட்டத்தையும் அடிபட்டவனின் நினைவுக் கூட்டத்தையும் ஒரே தராசில் வைப்பதை நான் ஏற்க மாட்டேன். ஆனாலும் நம் பக்கமும் ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டும். வேலு நாச்சியாரின் படையில் தீக்குளித்துப் பாய்ந்ததாக மக்கள் சொல்லும் குயிலிக்கு இன்று நான்கைந்து தரப்பிலிருந்து சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். அந்த வரிசையில் நம்மில் சிலரும் நிற்கிறோம். யாருடைய ஆள் என்ற கேள்விக்கு நாமும் பதில் சொல்லத் தொடங்கினால், பினாங்கு முதலாளி கேட்ட கேள்விக்கே பதில் சொல்கிறோம்.

நமக்கு இன்னும் கசப்பான ஒரு கேள்வியும் உண்டு. ஜம்புத்தீவுப் பிரகடனம் யாரை விளிக்கிறது? பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்கள். அந்த விளிப்பில் ஐந்தாமவருக்குப் பெயர் இல்லை. எல்லோரையும் சேர்த்த அழைப்பு என்று அதைப் புகழ்கிறோம், இசுலாமியரைச் சேர்த்தது உண்மையிலேயே பெரிய விசயம்தான். ஆனால் சேரியை அது கூப்பிடவில்லை. அதே காலத்தில் கம்பெனியின் சென்னைப் படையில் பறையர்கள் பெருமளவில் சிப்பாய்களாக இருந்தார்கள். ஊரில் செருப்பணிந்தால் அடி விழுந்தவனுக்கு அந்தப் படை பூட்சு கொடுத்தது. நான் கம்பெனிக்கு வக்காலத்து வாங்கவில்லை, அது நம்மைக் கூலிக்குச் சாகத்தான் எடுத்தது. பூட்சு தேவைப்படாமல் போனபோது போர்க்குலம் என்றொரு கோட்பாட்டைச் சொல்லிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளை அரசு கழற்றியும் விட்டது. ஆனால் "துரோகம்" என்ற சொல்லை எங்களைப் பார்த்து வீசுகிறவர்கள், அழைப்பிதழில் எங்கள் பெயர் இருந்ததா என்று முதலில் பார்த்துவிட்டு வரட்டும்.

சிறைக்கு வருகிறேன். பினாங்குச் சிறை வரலாறாகிவிட்டது, பாளையங்கோட்டைச் சிறை வரலாறாகவில்லை. அங்கே தேவர், நாடார், பள்ளர் என்று சாதிவாரியாகப் பிரித்து அடைத்தார்கள். மோதலைத் தவிர்க்கத்தான் என்று அரசு சொன்னது, உயர்நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்சநீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. சாதி பார்த்து அடைப்பதும், சாதி பார்த்துச் சமையலும் துப்புரவும் ஒதுக்குவதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. சிறைப் பதிவேட்டில் சாதி என்ற பத்தியையே நீக்கச் சொன்னது. இட ஒதுக்கீட்டுக்கு எழுதும் சாதி, பறிக்கப்பட்டதைத் திரும்பக் கேட்பது. கொட்டடிக்கு எழுதும் சாதி, இன்னொரு பூட்டு. விடுதலை பெற்று 77 ஆண்டுகள் கழித்து, ஒரு பெண் பத்திரிகையாளர் வழக்குப் போட்ட பிறகுதான் அந்தப் பூட்டைத் திறக்க உத்தரவு வந்தது. உத்தரவு வந்திருக்கிறது. சிறைக்குள் நடைமுறைக்கு வந்துவிட்டதா என்பதை நாம்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வெளியே இருக்கும் ஊர்களில் அந்தப் பத்தியை யார் நீக்குவது? அதற்கும் எங்கள் மாவட்டத்தில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. சிவகங்கை வழக்கறிஞர் இராமச்சந்திரன் சேர்வை அங்கே எழுந்து, இனித் தன் பெயரில் "சேர்வை" வேண்டாம் என்றார். மருது சகோதரர்களுக்கு இருந்த அதே பட்டம். அன்றிலிருந்து அவர் வெறும் சிவகங்கை இராமச்சந்திரன். ஆதிதிராவிடர் உரிமைக்காகக் கடைசி வரை நின்றார். அதே ஆண்டு டிசம்பரில் பெரியார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார், மலேயாத் தமிழரிடம் சாதி ஒழிப்புப் பேசினார். 127 ஆண்டுகளுக்கு முன்பு சங்கிலியோடு தமிழர்கள் இறங்கிய அதே தீவு.

என் மாவட்டத்தின் பெருமை என்று யாராவது கேட்டால் நான் இராமச்சந்திரனைச் சொல்வேன். வாளெடுத்தவர்களுக்கு வணக்கம். பட்டத்தை எடுத்துக் கீழே போட்டவருக்கு இன்னும் ஒரு வணக்கம் கூடுதல்.

இளந்தோழர்களே, வேலை ஒன்று இருக்கிறது. பெரிய செலவில்லை. வருகிற அக்டோபர் 24 அன்று உங்கள் ஊரில் பத்துப் பேர் கூடுங்கள். நாடு கடத்தப்பட்டவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயரையும் ஊரோடு சேர்த்து, பட்டத்தை நீக்கிப் படியுங்கள். துரைசாமி. வேங்கன் பெரிய உடையணன். ஷேக் உசேன். மாடசாமி. பெருமாள். பட்டத்தை எடுத்த பிறகு அவர்களில் யார் எந்தச் சாதி என்று உங்கள் தம்பி தங்கைகளிடம் கேளுங்கள். அவர்களால் சொல்ல முடியாது. அதைத்தான் அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

நாங்கள் கோட்டையூரில் தொடங்கப் போகிறோம். எங்கள் காலனியின் தெருமுனையில், பெரிய சாலை தெரிகிற இடத்தில். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அன்று சைக்கிள் வெளியே நிற்கும்.